பசிக்கல மிஸ்

பெற்றோர் சந்திப்பு நாளில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியும் அவள் அம்மாவும் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கணக்கு மதிப்பெண்ணைப் பற்றிப் பேச வந்தவர்கள்தான். பேச்சு எப்படியோ சாப்பாட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. “காலைல பச்சைத் தண்ணி பல்லுல படறதில்ல மிஸ். அதனாலதான் உடம்பு இப்படிப் போடுது. நீங்களாவது சொல்லுங்க” என்றார் அம்மா. மகள் தலையைத் தூக்கவில்லை. “உடம்பு குறையணும்னுதான் சாப்பிடறதில்ல” என்றாள்.

இருவர் பேசியதும் ஒரே தட்டைப் பற்றி. அதைத் தொடாவிட்டால் எடை கூடும் என்கிறார் ஒருவர். தொடாவிட்டால் குறையும் என்கிறாள் மற்றவள். இரண்டு பேருக்கும் தாங்கள் சொல்வதில் துளி சந்தேகம் இல்லை.

ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை கணக்கு எடுக்கிறவள் நான். வருஷக்கணக்காக இந்த வயதுப் பிள்ளைகளோடுதான் என் காலை நேரம் கழிகிறது. வீட்டிலும் ஒருவன் இருக்கிறான், பதினைந்து வயது. காலைச் சாப்பாடு, எடை, ஆரோக்கியம் என்று பெரியவர்கள் பேசுவதையும், அதைக் கேட்டுக்கொண்டு பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதையும் ரொம்ப நாளாகக் கவனித்து வருகிறேன். காலைச் சாப்பாட்டையும் எடையையும் முடிச்சுப் போட்டுப் பேசுவதை நாம் நிறுத்தியாக வேண்டும் என்பதுதான் என் கட்சி. அந்த முடிச்சு அவிழ்ந்தால்தான் பிள்ளைகள் நிம்மதியாகச் சாப்பிட உட்காருவார்கள்.

முதலில் அந்த அம்மாவின் பக்கம். அவர் சொன்னது வெறும் வாய்வழிச் செய்தி இல்லை. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ‘ப்ராஜெக்ட் ஈட்’ என்ற பெயரில் பதின்பருவத்தினரின் சாப்பாட்டுப் பழக்கங்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அதிலிருந்து 2,216 பேரை ஐந்து ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2008-ல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வந்தது. வாரத்தில் எத்தனை நாள் காலையில் சாப்பிடுகிறார்களோ அந்த அளவுக்கு அவர்களுடைய பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் எண், குறைவாக இருந்தது. தினமும் சாப்பிட்டவர்கள் ஒரு முனை, சாப்பிடவே சாப்பிடாதவர்கள் மறு முனை, நடுவில் படிப்படியாக ஏற்றம். காலைச் சாப்பாடே எடையைக் கட்டுக்குள் வைக்கிறது என்று யாருக்கும் தோன்றும்.

அதே ஆய்வுக்குள் இன்னொரு விஷயமும் இருந்தது. தன் எடையைப் பற்றிய கவலை, டயட் இருக்கும் பழக்கம், சுற்றியிருப்பவர்கள் தரும் அழுத்தம் ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, காலைச் சாப்பாட்டுக்கும் பின்னாளில் கூடிய எடைக்கும் இருந்த தொடர்பின் ஒரு பகுதிக்கு அவையே விளக்கமாக அமைந்தன. அதாவது, எடை கூடிவிட்டதே என்ற கவலையில் சாப்பாட்டை நிறுத்திய பிள்ளைகளும் அந்த ‘சாப்பிடாதவர்கள்’ வரிசையில் நின்றிருக்கிறார்கள். சாப்பிடாததால் எடை கூடியதா, எடைக் கவலையால் சாப்பாடு நின்றதா? பின்தொடர்ந்து பார்க்கும் ஆய்வால் இதைப் பிரித்துச் சொல்லிவிட முடியாது. வகுப்பில் நான் அடிக்கடி சொல்கிற பாடம்தான் இது: இரண்டு அளவுகள் சேர்ந்தே நகர்ந்தால் ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு போகிறது என்று பொருளில்லை.

பிரித்துச் சொல்ல வேண்டுமானால் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து, ஒரு பாதியைச் சாப்பிட வைத்து, மறு பாதியைச் சாப்பிடாமல் இருக்கச் செய்து பார்க்க வேண்டும். அதையும் செய்திருக்கிறார்கள், பெரியவர்களிடம். 2014-ல் சுமார் 300 பேரை வைத்துப் பதினாறு வாரம் நடந்த ஒரு சோதனையில், காலையில் சாப்பிடு என்று சொன்னாலும் சாப்பிடாதே என்று சொன்னாலும் எடைக் குறைப்பில் வித்தியாசம் தெரியவில்லை. 2019-ல் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் இப்படிப்பட்ட 13 சோதனைகளைத் தொகுத்து ‘பிஎம்ஜே’ இதழில் வெளியிட்டார்கள். காலையில் சாப்பிட்டவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 260 கலோரி கூடுதலாக உட்கொண்டார்கள். சாப்பிடாதவர்களின் எடை அரைக் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவாக, 0.44 கிலோ, குறைந்திருந்தது. சோதனைகள் பலவும் குறுகிய காலம் நடந்தவை, தரமும் உயர்வில்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

ஆக, அந்த அம்மாவின் கணக்கு நிற்கவில்லை. மகளின் கணக்கு வென்றுவிட்டதா என்றால் அதுவும் இல்லை. வளர்ந்து முடிந்த பெரியவர்களிடம், சில வாரங்களில், அரைக் கிலோவுக்கும் குறைவான வித்தியாசம். இதைக் கொண்டுபோய் எலும்பு இன்னும் நீண்டுகொண்டிருக்கும் பதினைந்து வயதுப் பெண்ணிடம் பொருத்த முடியாது. அவளைப் போன்றவர்களுக்கு உணவைத் தவிர்ப்பது என்ன செய்கிறது என்பதற்கு வேறு ஆய்வுகள் உண்டு. கொஞ்சம் கீழே வருகிறேன்.

எடைக்கு உதவாது என்றால் காலையில் ஏன் சாப்பிட வேண்டும்? இந்தக் கேள்வியை ஒரு பையன் வகுப்பிலேயே எழுந்து கேட்டான். நல்ல கேள்வி. எடையை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்தால்தான் இதற்கு நேரான பதில் கிடைக்கும்.

பெரியவர்களாகும்போது இருக்கப்போகிற எடையில் ஏறக்குறைய பாதி இந்தப் பதின்பருவத்தில்தான் வந்து சேர்கிறது. உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. வாழ்நாள் முழுக்கத் தாங்கப்போகும் எலும்பின் வலுவில் பெரும்பங்கு பதினெட்டு வயதுக்குள் சேர்ந்துவிடும். பிறகு பெரிதாகக் கூட்ட முடியாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதுதான் வேலை. அமெரிக்கப் பரிந்துரையின்படி 9 முதல் 18 வயதுவரை ஒரு நாளைக்கு 1,300 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். வளர்ந்த ஒருவருக்குச் சொல்லப்படும் 1,000 மில்லிகிராமைவிட இது அதிகம். மாதவிடாய் வரும் பெண்ணுக்கு 14 வயதிலிருந்து 15 மில்லிகிராம் இரும்புச்சத்து. மதியம், இரவு என்று இரண்டே வேளையில் இவ்வளவையும் உள்ளே தள்ளுவது லேசில்லை. பாலும் தயிரும் முட்டையும் பழமும் காலையில்தான் எளிதாகத் தட்டுக்கு வருகின்றன. அந்த வேளையை விட்டவர்கள் பின்னால் உட்கார்ந்து அதே பொருட்களைத் தேடிச் சாப்பிடுவதில்லை. சாயங்காலம் பசி வந்து மேலே விழும்போது கைக்கு எட்டுவது பொட்டலத்தில் இருப்பதுதான்.

படிப்பில் கவனம் கூடுமா என்றும் கேட்பார்கள். ஆய்வு முடிவுகள் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. ஏற்கெனவே ஊட்டம் குறைந்த பிள்ளைகளுக்குக் காலை உணவு தரும் பலன் தெளிவாகத் தெரிகிறது, மற்றவர்களுக்கு அவ்வளவு தெளிவில்லை. நான் கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன். மூன்றாவது பாடவேளை. இருபடிச் சமன்பாடு. நன்றாகப் போடுகிற பையன்தான். மூன்று வரி சரியாகப் போட்டுவிட்டு நாலாவது வரியில் மைனஸ் குறியை விட்டான். காட்டினேன், அழித்தான், மறுபடி எழுதினான், மறுபடி அதே இடத்தில் விட்டான். பென்சிலை வைத்துவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டான். “சாப்பிட்டியாப்பா?” என்று கேட்டேன். “பசிக்கல மிஸ்” என்றான். நான் கேட்டது சாப்பிட்டாயா என்று. இந்த வயதுப் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் பதிலாகத் தருவது இதைத்தான்.

இந்தப் பதிலைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பையன் சொன்னது உண்மை. அவனுக்கு அந்த நேரத்தில் பசி எடுக்கவே எடுக்காது. அதன் காரணம் முந்தின இரவில் இருக்கிறது.

பருவமடையும் காலத்தில் உடம்பின் கடிகாரம் பின்னால் தள்ளிப்போகிறது. தூக்கத்துக்கு ஆயத்தம் செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோன் சிறு பிள்ளைகளுக்குச் சுரப்பதைவிட இவர்களுக்கு நேரம் கழித்துச் சுரக்கிறது. சிலருக்கு இரண்டு மணி நேரம்வரை தாமதம். பத்து மணிக்குப் படு என்றால் கண் மூடாது. சோம்பேறித்தனமும் இல்லை, அடங்காமையும் இல்லை, உடம்பு அப்படி. அதன்மேல் கையில் போனும் இருந்தால் பதினொன்று பன்னிரண்டாகிறது. ஆனால் பள்ளிக்கூட மணி தள்ளிப்போவதில்லை. 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் சொன்னது. ஆறு மணிக்கு எழுப்பப்படும் பிள்ளை எட்டு மணி நேரம் தூங்க வேண்டுமென்றால் பத்துக்குள் தூங்கியிருக்க வேண்டும். கழித்தல் கணக்குதான், ஆனால் எந்த வீட்டிலும் விடை சரியாக வருவதில்லை.

இப்போது இரவுச் சாப்பாட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டியூஷன் முடிந்து, வீட்டுப்பாடம் முடிந்து, ஒன்பதரை பத்துக்குத்தான் பல வீடுகளில் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். காலையிலும் மதியமும் விட்டதையெல்லாம் சேர்த்து உடம்பு கேட்கும், வயிறு முட்டச் சாப்பிடுவார்கள். படித்துக்கொண்டே பதினொரு மணிக்கு பிஸ்கட்டும் இனிப்பு பானமும். ஏழெட்டு மணி நேரத்துக்குள் தட்டை முன்னால் வைத்தால் பசி எங்கிருந்து வரும்? தூக்கம் கலையாத முகத்தோடு, வாகனம் வந்துவிடும் என்ற பதற்றத்தோடு, பிள்ளைக்குக் குமட்டத்தான் செய்யும். அம்மா திட்டுவார். பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு போகும். அன்றும் மதியம்வரை ஒன்றும் உள்ளே போகாது, அன்று இரவும் பத்து மணிக்கு இரண்டு மடங்கு பசி. இந்த வட்டத்தை வெட்ட வேண்டிய இடம் காலை ஏழு மணி இல்லை, முந்தின இரவு எட்டு மணி.

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குக் கொண்டுவந்தோம். அதற்காக மகன் டியூஷனிலிருந்து வருமுன் எங்கள் இரண்டு பேரில் ஒருவர் அடுப்படியில் நிற்க வேண்டியிருந்தது. போன்கள் எல்லாம், என்னுடையது உட்பட, பத்து மணிக்குக் கூடத்து அலமாரிக்குப் போயின. ஒரு வாரத்தில் ஒன்றும் நடக்கவில்லை. மாதம் போகப் போக, கேட்காமலே காலையில் அடுப்படிக்கு வந்து “என்னம்மா இருக்கு?” என்றான். அவனிடம் காலைச் சாப்பாட்டைப் பற்றி அந்த மாதம் முழுவதும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் வீட்டின் தலையில் கட்டுவது நியாயமில்லை. உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2014-லேயே பரிந்துரைத்தது. சியாட்டில் நகரப் பள்ளிகள் 2016-ல் தொடக்க நேரத்தை 7.50-லிருந்து 8.45-க்கு மாற்றின. மாணவர்களின் கையில் கருவி கட்டி அளந்தபோது, அவர்கள் தூங்கும் நேரம் 34 நிமிடம் கூடியிருந்தது. நேரத்தைத் தள்ளினால் இன்னும் நேரம் கழித்துத்தான் படுப்பார்கள் என்று பயந்தவர்களுக்கு அதுவே பதில். கலிஃபோர்னியாவில் 2022 முதல் அந்த 8.30 வரம்பு சட்டமாகவே நடைமுறையில் இருக்கிறது. காலைச் சாப்பாட்டின் முக்கியத்துவம் என்று கட்டுரைப் போட்டி வைத்துவிட்டு, ஏழரைக்குச் சிறப்பு வகுப்பும் வைக்கிற பள்ளிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இனி எடை. இதைத் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிறவர்களில் அந்த மகளின் வயதுக்காரர்களும் இருக்கலாம்.

உடல் பருமன் பிரச்சினையே இல்லை என்று சொல்ல வரவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 5 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் அதிக எடையோடு இருப்பவர்கள் 1990-ல் 8 சதவீதம், 2022-ல் 20 சதவீதம். எண்ணிக்கையில் 39 கோடிக்கு மேல். ஒரு தலைமுறைக்குள் பிள்ளைகளுக்கு மனவுறுதி குறைந்துபோனதால் இது நடந்திருக்க முடியாது. மலிவாக, எங்கும், எந்நேரமும் கிடைக்கும் சர்க்கரையும் எண்ணெயும், ஓடியாட இடமில்லாத நாட்களும், சுருங்கிப்போன தூக்கமும் சேர்ந்து செய்த வேலை. பிள்ளையின் வாயைக் குற்றம் சொல்லி இதைச் சரிசெய்ய முடியாது.

அளப்பதிலேயே நாம் தவறான கோலை எடுத்துக்கொள்கிறோம். இணையத்தில் உயரத்தையும் எடையையும் தட்டினால் ஒரு பிஎம்ஐ எண் வரும், 25-க்கு மேல் போனால் அதிகம் என்று காட்டும். அது பெரியவர்களுக்கான வரம்பு. 5 முதல் 19 வயதுவரை, வயதையும் பாலினத்தையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதற்கென்றே உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வளர்ச்சி அட்டவணைகளை வெளியிட்டது. பிஎம்ஐ 22 என்ற ஒரே எண், பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அதிக எடைப் பக்கம் விழும், பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு இயல்பு. அந்த ஒற்றை எண்ணைவிட, வருஷக்கணக்கில் அந்தப் பிள்ளை அட்டவணையின் எந்தக் கோட்டின்மேல் வளர்ந்து வருகிறது என்பதுதான் மருத்துவருக்கு முக்கியம். பருவமடையும் பெண்ணின் உடம்பில் கொழுப்பின் பங்கு கூடத்தான் வேண்டும். இடுப்பு அகலத்தான் செய்யும். அது நோயில்லை, வளர்ச்சி. உயரமும் எடையும் கைகோத்துக்கொண்டு ஏறுவதும் இல்லை. ஒன்று முந்தும், மற்றது பின்னால் வந்து சேரும். இடைப்பட்ட அந்த ஆறு மாதத்தில்தான் உறவுக்காரர்கள் கண்ணுக்கு எல்லாம் தெரிகிறது. “என்னடி, நல்லா உடம்பு போட்டுட்ட?” என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கேட்டவருக்கு அடுத்த நாள் நினைவிருக்காது. அந்தப் பெண் மறுநாள் காலைத் தட்டை ஒதுக்குவாள்.

தட்டை ஒதுக்கிய பிறகு என்ன ஆகிறது? அதே ‘ப்ராஜெக்ட் ஈட்’ குழுவை டயான் நியூமார்க்-ஸ்டைனர் என்ற ஆய்வாளர் வழிநடத்தினார். 2006-ல் அவர்கள் வெளியிட்ட முடிவுதான் என்னை மிகவும் உலுக்கியது. எடையைக் குறைப்பதற்காக வேளை தவிர்ப்பது, பட்டினி கிடப்பது, கொறித்துவிட்டு ஓட்டுவது போன்ற வழிகளில் இறங்கிய பதின்பருவத்தினர், அப்படி எதுவும் செய்யாதவர்களைவிட ஐந்து ஆண்டு கழித்து அதிக எடையோடு இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. கட்டுப்பாடில்லாமல் வாரி விழுங்கும் பழக்கமும் வாந்தியெடுக்கும் பழக்கமும் அவர்களிடம் கூடுதல். இதுவும் பின்தொடரும் ஆய்வுதான், அதற்குரிய எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். ஆனால் வேளை தவிர்த்து மெலிந்துவிடலாம் என்று ஒரு பிள்ளை நம்பினால், அந்த நம்பிக்கைக்கு ஆதரவாக இதில் ஒரு வரி இல்லை.

இன்னொன்று பெற்றோருக்கானது. 2013-ல் ‘ஜாமா பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வந்தது. பிள்ளையின் எடையைப் பற்றி வீட்டில் பேசுகிற பெற்றோரையும், எடையைத் தொடாமல் நல்ல சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசுகிற பெற்றோரையும் ஒப்பிட்டார்கள். எடைப் பேச்சு நடக்கும் வீடுகளில் பிள்ளைகள் டயட்டிலும் ஆபத்தான எடைக்குறைப்பு வழிகளிலும் அதிகம் இறங்கியிருந்தார்கள். சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசிய வீடுகளில் அது குறைவு. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2016-ல் மருத்துவர்களுக்குத் தந்த அறிக்கையும் இதையே சொல்கிறது: டயட்டை ஊக்குவிக்காதீர்கள், எடைப் பேச்சும் கேலியும் வேண்டாம், குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள். உடல் பருமனைத் தடுக்கவும், உணவுக் கோளாறுகளைத் தடுக்கவும் ஒரே அறிவுரைதான் போதும் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஒன்றைப் பார்த்தால் மற்றது கெடும் என்று பயப்பட வேண்டியதில்லை.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. மகளைத்தான் டயட் கவலை பிடிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பையன்களும் வேளை தவிர்க்கிறார்கள். சதை கூட்ட வேண்டும் என்று டப்பாப் பொடியைக் கரைத்துக் குடித்துவிட்டுச் சாப்பாட்டை விடுகிறவர்களும் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். “ஏன்டா இப்படி ஒல்லிக்குச்சியா இருக்க?” என்பதும் எடைப் பேச்சுதான்.

எடையைப் பேசாமல் என்னதான் பேசுவது? நான் பேசுவதைச் சொல்கிறேன். “காலையில் ஏதாவது சாப்பிடு” என்பதைவிட, “பத்தரை மணி இடைவேளைக்கு என்ன கொண்டுவர்ற?” என்று கேட்பது பலன் தருகிறது. எழுந்த உடனே சாப்பிட முடியாத உடம்பை வற்புறுத்த வேண்டியதில்லை. கிளம்பும்போது ஒரு தம்ளர் பால், அல்லது ஒரு பழம். மீதியை டப்பாவில் போட்டு இடைவேளைக்கு. முழுச் சாப்பாட்டுக்குத் தயாராக இல்லாதவர்கள்கூட இரண்டாகப் பிரித்தால் சாப்பிட்டுவிடுகிறார்கள். டப்பாவில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். வெறும் மாவுப்பொருளும் இனிப்பும் இருந்தால் ஒரு மணி நேரத்தில் மறுபடி வயிறு கேட்கும். முட்டை, பயறு, தயிர், கடலை என்று புரதம் கொஞ்சம் இருந்தால் தாங்கும். 2013-ல், காலையில் சாப்பிடும் பழக்கமில்லாத, எடை கூடுதலாக இருந்த இளம்பெண்கள் இருபது பேரிடம் அமெரிக்காவில் ஒரு சிறு சோதனை நடந்தது. 35 கிராம் புரதத்தோடு காலைச் சாப்பாடு கொடுத்த நாட்களில், இரவு நேரத்தில் அவர்கள் கொழுப்பு மிகுந்த பண்டங்களைக் கொறிப்பது குறைந்தது. இருபது பேர்தான், சில நாட்கள்தான், அதனால் பெரிதாக முழங்க மாட்டேன். இருந்தாலும் என் வகுப்பறையில் தினமும் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது.

இனிப்பைப் பற்றி ஒன்று. பெட்டியில் வரும் தானியச் சீவல்களையும் பாட்டில் பழச்சாறுகளையும் காலை உணவென்று தருகிற வீடுகள் பெருகிவிட்டன. சேர்க்கப்படும் சர்க்கரையையும் பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரையையும் சேர்த்து ஒரு நாளைக்கு மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே வைக்க வேண்டும், 5 சதவீதம் என்றால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 5 சதவீதம் ஏறக்குறைய 25 கிராம், ஆறு தேக்கரண்டி. பாட்டிலின் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பதிலாக எனர்ஜி டிரிங்க் குடித்துவிட்டுத் தேர்வுக்கு வருகிறவர்களையும் பார்க்கிறேன். பிள்ளைகளின் உணவில் அதற்கு இடமே இல்லை என்று குழந்தை மருத்துவர்கள் 2011-லேயே திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார்கள். அன்றைய காஃபின் இரவுத் தூக்கத்தை இன்னும் தள்ளிப்போடும். அதற்கடுத்த காலையும் கெடும்.

உடற்பயிற்சியிலும் இதே முடிச்சு இருக்கிறது. ‘வெயிட் குறைய ஓடு’ என்கிறோம். 5 முதல் 17 வயதுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்குகிற அசைவு வேண்டும். உலகம் முழுக்க 11 முதல் 17 வயதுக்காரர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு அது கிடைப்பதில்லை, ஒல்லியானவர்களையும் சேர்த்துத்தான். எடைக்காக ஓடச் சொன்ன பிள்ளை, எடை இறங்காத வாரத்தில் ஓட்டத்தை நிறுத்திவிடும். விளையாட்டுக்காக விளையாடுகிற பிள்ளை நிறுத்தாது. அதனால் விளையாட்டு வேளையைப் பிடுங்கிக் கணக்கு வகுப்புக்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நான் வாங்கிக்கொள்வதில்லை.

சில விஷயங்களில் மட்டும் காத்திருக்கக் கூடாது. குறுகிய காலத்தில் எடை மளமளவென்று இறங்கினால், மாதவிடாய் நின்றுபோனால், அடிக்கடி தலை சுற்றினால், எப்போதும் குளிர்கிறது என்றால், எல்லாரும் சாப்பிடும்போது ஏதாவது சாக்குச் சொல்லி நழுவினால், சாப்பிட்ட கையோடு குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டால், அன்றே மருத்துவரிடம் போங்கள். பிள்ளை பார்க்கக் குண்டாக இருந்தாலும் இவை பொருந்தும். குண்டான பிள்ளை மெலியும்போது எல்லாரும் பாராட்டுகிறார்கள், அந்தப் பாராட்டுக்குள்ளேயே நோய் வளர்ந்துவிடுகிறது. அளவுக்கு மீறி எடை கூடிக்கொண்டே போனாலும் மருத்துவரிடம்தான் போக வேண்டும், இணையத்தில் டயட் தேடக் கூடாது. போகும்போது பழைய உயர, எடைக் குறிப்புகளை எடுத்துப்போங்கள். எடை எடுக்கும்போதும் அதைப் பற்றிப் பேசும்போதும் பிள்ளையின் கூச்சத்தை மதிக்கும் மருத்துவரைத் தேடிப் பிடியுங்கள்.

எங்கள் பள்ளியில் நான் கேட்டுக்கொண்டிருப்பது ஒன்றுதான். முதல் பாடவேளைக்கு முன் பத்து நிமிடம், வகுப்பறையிலேயே டப்பாவைத் திறந்து சாப்பிட அனுமதி. வருகைப் பதிவு எடுக்கும் நேரத்தோடு சேர்த்துக்கொண்டால் பாட நேரம் குறையாது. யார் சாப்பிடுகிறார்கள், யார் சாப்பிடவில்லை என்று ஆசிரியர் குறிப்பெடுக்கக் கூடாது, அளவு பார்க்கக் கூடாது, யார் டப்பாவைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பதையும் விண்ணப்பத்திலேயே எழுதியிருக்கிறேன். தரை அழுக்காகும் என்று ஒரு மறுப்பு வந்திருக்கிறது. துடைப்பத்துக்கு நான் பொறுப்பு என்று பதில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.